கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்குத் தைராய்டு பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் வாய்ப்புற்றுநோய்க்கும் தொண்டைப்புற்றுநோய்க்கும் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்ள மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறார்கள். சிலர் சென்னை அடையாறு வரை போய்வருகிறார்கள். ஊர் திரும்பியபின் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, கட்டி மறுபடி வருமோ என்பது. கழுத்தில் பாய்ந்த கதிர் அங்கேயே இருக்கும் தைராய்டு சுரப்பியையும் தாக்கியிருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. கழுத்துக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களில் பலருக்குத் தைராய்டு சுரப்பு குறைகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இது தெரியவரும். பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, யாராவது சீட்டு எழுதித் தரட்டும் என்று காத்திருப்பதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளூரில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளூரிலோ நோயாளி சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டும் காட்டுகிறார். கழுத்தில் கரண்ட் வைத்த செய்தியே மருத்துவர் காதுக்குப் போவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவுக்குள் கிடக்கிறது. அதன் நகலை எந்த டாக்டரிடம் போனாலும் கையில் எடுத்துச் செல்லுங்கள். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) ரத்தப் பரிசோதனையை 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை நீங்களே கேட்டு வாங்குங்கள். சாதாரண லேபிலேயே செய்யலாம், இதற்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. இரண்டு முறை சரியாக வந்துவிட்டது என்று நிறுத்திவிடவும் கூடாது.

அறிகுறி வரட்டும், பார்க்கலாம் என்பது அடுத்த தவறு. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வறண்ட தோல், குரல் தடிப்பு, எதிலும் மனம் ஒட்டாமை, இவற்றையெல்லாம் “கரண்ட் வைத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் தள்ளிவிடுகிறார்கள். எடை கூடவில்லையே என்ற சமாதானமும் செல்லாது. விழுங்க முடியாமல் கஞ்சியில் காலம் தள்ளுகிறவருக்கு எடை எப்படிக் கூடும்? அறிகுறி தெரியும் முன்பே டி.எஸ்.எச். ஏறத் தொடங்கியிருக்கும்.

மூக்கின் பின்பகுதிக்கோ மூளைக்கோ கதிர் பெற்றவர்கள் டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். டி.எஸ்.எச்.சைச் சுரப்பதே மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிதான்; அது பாதிக்கப்பட்டால் தைராய்டு குறைந்திருந்தும் அந்த எண் ஏறாது. ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 பரிசோதனையும் தேவை.

தைராய்டு மாத்திரை தொடங்கியவர்கள் அதைக் காலைக் காபியோடு விழுங்குவது வழக்கமாகிவிட்டது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, காபிக்கும் இட்லிக்கும் அரைமணி முதல் ஒருமணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். உணவு செலுத்த மூக்கிலோ வயிற்றிலோ குழாய் வைத்திருப்பவர்கள் மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் எடுப்பவர்கள், அது பரிசோதனை முடிவைப் புரட்டக்கூடியது என்பதால், ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபரிசோதனை. மருமகளின் தைராய்டு மாத்திரையை மாமனாருக்கு எடுத்துக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வயதானவருக்கு, அதுவும் இதயநோய் இருந்தால், மிகக் குறைந்த அளவில் தொடங்கித்தான் மெல்ல ஏற்றுவார்கள்.