சிங்கப்பூரில் வேட்டைக்காலம் உண்டா? வனவிலங்குச் சட்டத்துக்கு உட்பட்டு நடந்துகொள்ளும் முறை

சிங்கப்பூரில் வேட்டைக்காலம் என்று ஒன்று கிடையாது. காட்டுக்கோழிக்கோ புறாவுக்கோ கடமானுக்கோ இந்த மாதத்தில் தொடங்கி அந்த மாதத்தில் முடியும் என்று அரசாங்கம் அறிவிக்கும் நாள்காட்டி எதுவும் இங்கு இல்லை. ஆண்டின் எல்லா நாள்களிலும் வேட்டை மூடப்பட்டே இருக்கிறது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊரில் கௌதாரிக்கும் காடைக்கும் கண்ணி வைத்தும், முயலையும் உடும்பையும் பிடித்தும் பழகிய சிலர், இங்கே விடுதிக்குப் பின்னாலுள்ள புதரில் உடும்பு ஓடுவதைக் கண்டதும், ‘எந்தப் பருவத்தில் பிடிக்கலாம், யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்?’ என்று கேட்கிறார்கள். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியை அடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதையும் அவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

வேட்டைக்காலம் உள்ள நாடுகளில் அந்த ஏற்பாடு எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், சிங்கப்பூரில் அது ஏன் இல்லை என்பதும் விளங்கும். பிரிட்டனில் குரௌஸ் என்னும் செம்புதர்க்காட்டுப் பறவையைச் சுடும் காலம் ஆகஸ்ட் 12ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 10ஆம் தேதி முடிகிறது. நியூசிலாந்தில் வாத்து உள்ளிட்ட வேட்டைப் பறவைகளுக்கான காலம் மே மாதத்தின் முதல் சனிக்கிழமையில் தொடங்குவது வழக்கம். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு கால வரம்பை வகுக்க, அதற்குள் மாநிலங்கள் தங்கள் தேதிகளைக் குறித்துக்கொள்கின்றன. பறவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சு பறக்கக் கற்றுக்கொள்ளும் வரை அதைத் தொடாமல் விட்டுவைத்து, பிறகு எண்ணிக்கையில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்வதே இந்த விதிகள் அனைத்துக்கும் அடிப்படை. அப்படி எடுத்த பின்னும் போதிய அளவு மிஞ்சும் பரந்த நிலமும் பெரிய மந்தையும் இருக்கும் இடத்தில்தான் இது பொருந்தும். விரைவுச்சாலைகளால் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் நம் காடுகளில் எடுப்பதற்கென்று எந்தப் பங்கும் இல்லை.

கடமானையே பார்ப்போம். இத்தீவில் இயற்கையாக வாழ்ந்த கடமான்கள் வேட்டையாலும் காடழிப்பாலும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மறைந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய சில மான்களின் வழிவந்த சிறு கூட்டம்தான் இன்று மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலும் மண்டாய்ப் பக்கத்திலும் நடமாடுகிறது. 2018 ஜூன் மாதத்தில் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் வாகனங்களில் அடிபட்ட ஒரு கடமானைக் காப்பாற்ற வழியின்றிக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. அச்சாலைக்கு மேலே 2013இல் ஒரு விலங்குப் பாலமும், மண்டாய்ச் சாலைக்கு மேலே 2019இல் இன்னொன்றும் அமைக்கப்பட்டதற்கு, இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் உள்ள உயிர்களுக்குச் சாலை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதே காரணம். அரசாங்கம் பாலம் கட்டிக் காக்கும் விலங்குக்கு வேட்டைக்காலம் குறிக்கப்படாததில் வியப்பில்லை.

சட்டம் சொல்வது

1965ஆம் ஆண்டின் காட்டு விலங்குகள், பறவைகள் சட்டம் 2020இல் விரிவாகத் திருத்தப்பட்டு, வனவிலங்குச் சட்டம் என்ற பெயரில் அவ்வாண்டு ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. இதை நடைமுறைப்படுத்துவது தேசியப் பூங்காக் கழகம். வனவிலங்கு நிர்வாகத் தலைமை இயக்குநரின் எழுத்துபூர்வ அனுமதியின்றிக் காட்டு விலங்கையோ பறவையையோ கொல்வது, பொறி வைத்துப் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது ஆகிய அனைத்தும் குற்றம். பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் 50,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மற்ற இனங்களுக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. நாய், பூனை, மாடு, ஆடு, வளர்ப்புக் கோழி போன்றவை இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், ஒரு விலங்கு அபூர்வமானதா சாதாரணமானதா என்று பார்த்து முடிவெடுக்கக் கூடாது. புளோக்கின் அடியில் மேயும் புறாவும், காப்பிக்கடை மேசைமேல் வந்து உட்காரும் மைனாவும் எங்கும் நிறைந்திருப்பதால் அவற்றுக்குச் சட்டம் இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். காகம், புறா, மைனா முதலிய ஆறு வகைப் பறவைகளைப் பழைய சட்டம் பட்டியலிட்டுப் பாதுகாப்புக்கு வெளியே வைத்திருந்ததும், ஒரு காலத்தில் காகங்களின் பெருக்கத்தைக் குறைக்க அதிகாரிகளின் ஏற்பாட்டில் துப்பாக்கிச் சங்கத்தினர் அவற்றைச் சுட்டதும் அந்த எண்ணத்தை வலுப்படுத்தியிருக்கலாம். அது அதிகாரிகள் பொறுப்பில் நடந்த பணி. குடியிருப்பாளர் ஒருவர் தாமாகச் செய்யக்கூடியது அல்ல.

ஆயுதத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுத் துப்பாக்கிக்கும் இங்கு உரிமம் வேண்டும். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றம். உண்டிவில்லாலோ கல்லாலோ பறவையை அடித்தாலும் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அது குற்றமே.

இடத்தையும் பார்க்க வேண்டும். புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்கும் இயற்கை வனப்பகுதிகளாக அறிவிக்கப்பட்டவை. அங்கு வனவிலங்குச் சட்டத்தோடு பூங்காக்கள், மரங்கள் சட்டமும் பொருந்தும். விலங்கைப் பிடிப்பது மட்டுமன்றி அதன் இடத்திலிருந்து அகற்றுவதும் அங்கே குற்றமாகும்.

உணவிடுதல்: நம்மவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது

துப்பாக்கி எடுத்துக் கடமானைத் தேடிப் போகும் தமிழர் இங்கு எவரும் இருக்கப் போவதில்லை. ஆனால் அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2020க்குப் பிறகு வனவிலங்குக்கு வேண்டுமென்றே உணவிடுவது தீவு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்கப்படலாம். காகமும் புறாவும் மைனாவும் இதில் அடங்கும்.

முன்னோரை நினைத்து வைக்கும் ஒரு பிடி சோற்றைக் குற்றம் என்று கேட்கும்போது மனம் வருந்துவது இயல்பு. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் விதியின் காரணத்தையும் எடைபோட வேண்டும். எளிதில் உணவு கிடைக்கும் இடத்தில் புறாவும் காகமும் இயற்கை தாங்கும் அளவைக் கடந்து பெருகுகின்றன; குரங்கும் காட்டுப்பன்றியும் மனிதர் கையையும் பிளாஸ்டிக் பையையும் உணவோடு சேர்த்து அறிந்துகொள்கின்றன. பின்பு பையைப் பறிக்கும் குரங்கையும் வழிப்போக்கரை மோதும் பன்றியையும் பிடித்து அகற்ற வேண்டியதாகிறது. அன்போடு ஊட்டிய கையே அந்த விலங்கின் முடிவுக்கு வழிவகுக்கிறது.

எனவே படையலை வீட்டுக்குள் முன்னோர் படத்துக்கு முன்னால் வைத்து வழிபட்டுவிட்டு, அதைக் குடும்பத்தார் உண்ணலாம். அந்த நாளில் கோயில் அன்னதானத்துக்குப் பங்களிக்கலாம். சடங்கு குறித்து ஐயமிருந்தால் குடும்பத்துக்குப் பழக்கமான அர்ச்சகரிடம் கேட்டு முடிவு செய்யலாம். சன்னல் விளிம்பிலோ, தாழ்வாரச் சுவர்மீதோ, புல்வெளியிலோ சோற்றை வைத்துவிட்டு வருவதைத் தவிர்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லும்போது அபராதத் தொகையிலிருந்து தொடங்குவதைவிட, பறவைகள் பெருகுவதால் அண்டை வீட்டாருக்கும் அந்தப் பறவைகளுக்கும் நேர்வதைச் சொல்லித் தொடங்கினால் அவர்கள் ஏற்றுக்கொள்ளக்கூடும்.

பிடித்தல், வளர்த்தல், விடுவித்தல்

பாடும் பறவைகளை வளர்க்கும் பழக்கம் சிங்கப்பூரில் நெடுங்காலமாக உண்டு. அங் மோ கியோவின் கெபுன் பாருவில் உயர்ந்த கம்பங்களில் கூண்டுகளை ஏற்றிப் பறவைகளைப் பாடவிடும் இடத்தை அறிந்தவர்கள் பலர். அப்படிப் பறவை வளர்க்க விரும்புகிறவர் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். காட்டில் பிடிக்கப்பட்ட சோலைபாடியோ சின்னானோ மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் யாரேனும் விளம்பரம் செய்தால் அதை வாங்கக் கூடாது. விற்பவரோடு வைத்திருப்பவரும் குற்றவாளியாகிறார். வைக்கோல் நிறத் தலையுடைய சின்னான் வகையொன்று அதன் இனிய குரலுக்காகவே தென்கிழக்காசியா முழுவதும் பிடிக்கப்பட்டு அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. அது இன்னும் தழைத்து வாழும் மிகச் சில இடங்களில் புலாவ் உபின் தீவும் ஒன்று. அங்கே ஒரு பொறி வைக்கப்பட்டாலும் இழப்பு உலக அளவிலானது.

மரத்தடியில் குஞ்சு ஒன்றைக் கண்டால் உடனே வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தோன்றும். இறகு முளைத்துத் தத்தித் தாவும் குஞ்சு என்றால் அது பெரும்பாலும் பறக்கப் பழகிக்கொண்டிருக்கும். தாய்ப்பறவை அருகிலேயே இருக்கும். பூனையோ வாகனமோ வரும் இடமாக இருந்தாலன்றி அதை விட்டு விலகி நிற்பதே சரி. காயமடைந்திருந்தால் கீழே குறிப்பிட்டுள்ள எண்களில் அழைத்து, அவர்கள் சொல்வதுபோல் செய்ய வேண்டும்.

விலங்குகளைப் புண்ணியம் கருதி விடுவிப்பதற்கும் அனுமதி வேண்டும். விசாக தினத்தையொட்டி ஆண்டுதோறும் பூங்காக் கழகம் இதை நினைவூட்டுகிறது. கடையில் வாங்கிய ஆமையும் மீனும் பறவையும் காட்டிலோ நீர்த்தேக்கத்திலோ விடப்பட்டால் பல இறந்துபோகும். பிழைப்பவை அங்குள்ள உயிரினங்களின் இடத்தைப் பறிக்கும்.

தூண்டில் போட விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. அதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களில், அறிவிப்புப் பலகையில் உள்ளபடி மீன் பிடிக்கலாம். நீர்த்தேக்கங்களில் செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்த வேண்டும்; உயிருள்ள இரைக்கு அனுமதியில்லை.

விலங்கால் தொல்லை என்றால்

வீட்டுக்குள் மலைப்பாம்பு நுழைந்தாலோ, நடைபாதையில் காட்டுப்பன்றி நின்றாலோ, தாமே அடிக்கவோ பிடிக்கவோ முற்படக் கூடாது. பிள்ளைகளையும் செல்லப்பிராணிகளையும் வேறிடத்துக்கு அழைத்துச் சென்று, விலங்கு வெளியேற வழிவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். வனவிலங்கு மீட்புப் பணி செய்யும் ஏக்கர்ஸ் அமைப்பின் எண் 9783 7782. இரண்டையும் கைப்பேசியில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். பாம்பைப் பார்த்துக்கொண்டே எண்ணைத் தேடுவது கடினம்.

கட்டட நிர்வாகங்கள் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களை அமர்த்திக் குரங்கையோ புறாவையோ பிடிக்கச் சொல்வதுண்டு. பணம் கொடுத்து வேலையை ஒப்படைத்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிடும் என்று எண்ணாமல், தலைமை இயக்குநரின் அனுமதிக் கடிதத்தைக் காட்டும்படி கேட்டு, அதில் எந்த விலங்கு, எந்த இடம், எந்த முறை என்று எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்க அனுமதிக்க வேண்டும்.

மண்டாய் போன்ற காட்டோரச் சாலைகளில் இரவில் வாகனம் ஓட்டுவோர் வேகத்தைக் குறைத்துச் செல்ல வேண்டும். கடமான் ஒன்று சாலையைக் கடந்தால் அதன் பின்னால் இன்னொன்று வரக்கூடும் என்பதை நினைவில் வைத்துக் காத்திருக்க வேண்டும். விலங்கு அடிபட்டுவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுத் தகவல் தெரிவிக்க வேண்டும்; அது இறந்துவிட்டாலும் இறைச்சிக்காகவோ கொம்புக்காகவோ எடுத்துச் செல்லக் கூடாது.

எல்லை தாண்டும்போது

மலேசியாவின் ஜோகூரில் நண்பர் தோட்டத்தில் வேட்டைக்கு அழைக்கிறார்கள் என்றால், அங்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது என்பதையும், உரிமம் வழங்கும் பொறுப்பு பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையுடையது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். எந்த விலங்குக்கு, எந்தக் காலத்துக்கு அனுமதி உண்டு என்பதை அத்துறையிடமே நேரடியாக உறுதிசெய்ய வேண்டும். தோட்டக்காரரின் வாய்மொழி போதாது.

அங்கே சட்டப்படி வேட்டையாடப்பட்டதாகவே இருந்தாலும், அந்த இறைச்சியைப் பெட்டியில் வைத்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகக் கொண்டுவரக் கூடாது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இறைச்சியும் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஏற்றுக்கொண்ட நாடுகளிலிருந்தும் வகைகளிலிருந்தும் மட்டுமே வரலாம். காட்டில் சுட்ட மான்கறியும் பன்றிக்கறியும் அந்த வகையில் சேராது. நியூசிலாந்திலோ பிரிட்டனிலோ உரிமத்தோடு வேட்டையாடியவர் கொம்பு, தோல், இறகு போன்றவற்றைக் கொண்டுவர விரும்பினால், பயணத்துக்கு முன்பே தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டு, இறக்குமதி அனுமதி தேவையா, அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டம் அந்த இனத்துக்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, காட்டிலோ புதரிலோ பொறியையோ வலையையோ கண்டால் அதைக் கழற்ற முற்படாதீர்கள். சிக்கியிருக்கும் பறவையை அவசரமாக இழுத்தால் கால் ஒடியும். வைத்தவரைக் கண்டுபிடிக்க உதவும் தடயமும் அழியும். படம் எடுத்து, அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணையோ பாதைக் குறியீட்டையோ குறித்துக்கொண்டு, மேற்சொன்ன எண்ணில் உடனே தெரிவித்து, அதிகாரிகள் வரும் வரை சற்றுத் தள்ளி நில்லுங்கள்.