காப்பகத்தில் வளரும் பிள்ளைகளின் மனநலம்: உதவப் போய் நாம் செய்யும் தவறுகள்

காப்பகத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ இருக்கும் பிள்ளைகளுக்கு உதவ வருபவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை ஏற்கெனவே வீட்டை, பள்ளியை, கூட இருந்த ஆட்களை இழந்துவிட்டு வந்திருக்கிறது. அதை மறந்துவிட்டுச் செய்கிற உதவி இன்னொரு இழப்பாகவே போய் முடியும்.

கதை கேட்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. புது கவுன்சிலர் (மனநல ஆலோசகர்) வந்தாலும் புது வார்டன் வந்தாலும் "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு" என்கிறோம். அடி வாங்கியதையும் அம்மா விட்டுப் போனதையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் எத்தனை முறைதான் சொல்வது? ஒரு கட்டத்தில் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பிக்கும், அல்லது வாயே திறக்காது, உடனே நாம் "ஒத்துழைக்கவில்லை" என்று ஃபைலில் எழுதிவிடுவோம். ஃபைலை நாம் முதலில் படித்துவிட்டுப் போகலாமே. "உன்னைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன், உனக்குத் தோன்றும்போது, தோன்றியதை மட்டும் சொன்னால் போதும்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வேறு ஏதாவது பேசலாம்.

அடுத்தது, நடத்தையைத் திமிர் என்று எடுத்துக்கொள்வது. தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைக்கிற பிள்ளையைத் திருடன் என்கிறார்கள். அடுத்த வேளை கிடைக்குமா என்றே தெரியாமல் இருந்த பிள்ளை வேறு என்ன செய்யும்? கட்டில் பக்கத்தில் ஒரு டப்பாவை வைத்து, "இது உன்னுடையது, யாரும் எடுக்க மாட்டார்கள்" என்று சொல்லி, காலியானால் கேள்வி கேட்காமல் நிரப்பி வையுங்கள். ஒளித்து வைப்பது மெல்லக் குறையும். இத்தனை நாளில் நின்றுவிட வேண்டும் என்று நாள் கணக்கு மட்டும் வைக்காதீர்கள்.

தண்டனையாக அண்ணன் தம்பி அக்கா தங்கையைப் பார்க்கவிடாமல் செய்வதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் விஷயம். குடும்பத்தினருடனும் தனக்கு முக்கியமானவர்களுடனும் இருக்கும் தொடர்பைக் கட்டுப்படுத்துவதை ஒருபோதும் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்று பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்காக ஐ.நா. 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ஒழுங்குக்கு வேறு வழி தேடுங்கள், அந்தச் சந்திப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். சிறு வயதிலேயே குடும்பத்துக்குப் போன குழந்தைகள் ஒருவரை நம்பி ஒட்டிக்கொள்வதில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். வளர்ந்த பிள்ளைக்கும் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். இடம் மாறும்போது கவுன்சிலிங்கும் சேர்ந்து அறுந்துபோகாமல் பாருங்கள். முடிந்தால் அதே கவுன்சிலரே தொடரட்டும், முடியாதென்றால் விடைபெற்றுக்கொள்ளவாவது ஒரு சந்திப்பு வையுங்கள். மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்றால் மருந்துச் சீட்டும் கூடவே போக வேண்டும், சில மனநல மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

"நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும், அப்போது மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விடும். "உன் பாதுகாப்புக்குத் தேவை என்றால் ஒருவரிடம் சொல்வேன், யாரிடம் என்று உன்னிடம் முதலில் சொல்லிவிடுவேன்" என்பது நேர்மையான பேச்சு. அப்புறம், தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டால் நாமே அதை மனதில் போட்டுவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. "ஆமாம்" என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள், ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்திவிட்டு உடனே மருத்துவ உதவிக்குப் போங்கள்.

"இவ்வளவு செய்கிறோம், நன்றி இல்லையே" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, 18 வயது. பல இடங்களில் பிறந்தநாளோடு இல்லமும் போய், குழந்தைகளுக்கான மனநல சேவையும் போய்விடுகிறது. அந்த நாள் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே பெரியவர்களுக்கான மருத்துவரைப் பார்க்க வைத்து, முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். சிகிச்சை விவரங்களின் நகலை அவர்கள் கையிலேயே கொடுங்கள். வெளியே போன பிறகும் போன் செய்தால் எடுக்கக்கூடிய ஒருவர் யார் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், அந்த ஒருவரிடம் முன்கூட்டியே பேசிச் சம்மதம் வாங்கி வையுங்கள்.