மழைக்கு முன் கண்ணாடில வாட்டர் ரிப்பல்லன்ட் போடறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

பெங்களூர்ல இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வண்டி எடுக்கற நம்மாளுங்களுக்கு செப்டம்பர், அக்டோபர் மாசம் எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம். சில்க் போர்டுல பிடிக்கற மழை ஒசூர் தாண்டியும் விடாது, எதிர் சைடு லாரி லைட்டு கண்ணாடி பூரா சிதறி லேன் எது ஓரம் எதுன்னே தெரியாது. இதுக்காகத்தான் நிறைய பேர் ஜே.சி. ரோட்லயோ ஆன்லைன்லயோ தண்ணியை பரவ விடாம குமிழா நிறுத்தற வாட்டர் ரிப்பல்லன்ட் பாட்டில் ஒண்ணு வாங்கி முன் கண்ணாடில தடவிடறாங்க. நல்ல பொருள்தான், தாராளமா போடுங்க. ஆனா தப்பா போட்டா போடாததை விட மோசம், அதுவும் அந்த மோசம் ராத்திரி மழைல, தொப்பூர் கணவாய் இறங்கறப்பதான் தெரிய வரும், அப்ப ஒண்ணும் பண்ண முடியாது.

இருக்கறதுலயே பெரிய தப்பு, இதை போட்டுட்டா வைப்பரே வேணாம்னு நம்பறது. வீடியோல எல்லாம் வைப்பரை ஆஃப் பண்ணிட்டு துளி துளியா மேல பறந்து போறதை காட்டுவாங்க, அது பொய் இல்ல, ஆனா அந்த கார் ஹைவேல போகுது. தாமரை இலை மேல தண்ணி ஒட்டாதுன்னு நமக்கு தெரியும், அந்த இலைல கண்ணுக்கு தெரியாத மேடு பள்ளம் இருக்கு, அதுக்கு மேல மெழுகும் இருக்கு, அதனால துளியோட ஓரம் இலையைத் தொடற கோணம் 150 டிகிரிக்கு மேல இருக்கும், தண்ணி உருண்டு நின்னு தானா ஓடிடும். கண்ணாடில நாம போடற சிலிகான் கோட்டிங்குல அந்த கோணம் 100, 110 டிகிரி அளவுலதான் இருக்கும். அதாவது தண்ணி பரவாம குமிழா நிக்கும், ஆனா தானா உருளாது, தள்ளி விட காத்து வேணும். சுமாரா 60, 70 கி.மீ. வேகம் வந்தாதான் அந்த காத்து கிடைக்கும். டோல் கட்டி வேகமா போற நைஸ் ரோட்ல கிடைக்கும், மாரத்தஹள்ளி சிக்னல்ல எங்க கிடைக்கும்? அங்க குமிழ் எல்லாம் அப்படியே உக்காந்திருக்கும், ஒவ்வொரு குமிழும் ஒரு குட்டி லென்ஸ் மாதிரி பிரேக் லைட்டை உடைச்சு காட்டும். ஸோ சிட்டிக்குள்ள வைப்பர் ஓடியே ஆகணும், கோட்டிங் இருந்தாலும்.

அடுத்தது கண்ணாடியை சரியா கழுவாம போடறது. வேலைல முக்கால்வாசி இங்கதான் இருக்கு, ஆனா எல்லாரும் இதை ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடறாங்க. நம்ம ஊர் அபார்ட்மென்ட்ல பாதிக்கு மேல போர் தண்ணி, இல்லன்னா டேங்கர் தண்ணி, ரெண்டுமே உப்புத் தண்ணி. காலைல கார் தொடைக்கற தம்பி ஒரே பக்கெட், ஒரே துணில பத்து வண்டியை தொடைச்சிட்டு போயிடுவாரு, அது வெயில்ல காஞ்சு வட்ட வட்டமா வெள்ளைக் கறை படியும். அதோட மெட்ரோ வேலை நடக்கற ரோட்டு சிமெண்ட் தூசி, டீசல் புகை எண்ணெய், வாட்டர் வாஷ்ல போட்ட வேக்ஸ் எல்லாம் சேர்ந்திருக்கும். இதுக்கு மேல ரிப்பல்லன்ட் போட்டா அது கண்ணாடியை பிடிக்காது, அழுக்கைத்தான் பிடிக்கும், ரெண்டு மழைல திட்டு திட்டா உரிஞ்சிடும்.

செய்ய வேண்டியது என்னன்னா, முதல்ல நிறைய தண்ணி ஊத்தி மண்ணை இறக்குங்க, அப்புறம் ஷாம்பு போட்டு கழுவுங்க. கழுவுனதும் கையை ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் கவருக்குள்ள விட்டு கண்ணாடி மேல லேசா தடவிப் பாருங்க, வெறும் கைக்கு தெரியாத சொரசொரப்பு அப்ப நல்லா தெரியும். சொரசொரன்னு இருந்தா கிளே பார், அதாவது ஒட்டுன அழுக்கை இழுத்து எடுக்கற களிமண் மாதிரி கட்டி, அதை தேய்ச்சு எடுக்கணும். உப்புக் கறைக்கு வெள்ளை வினிகரை துணில நனைச்சு கொஞ்ச நேரம் வச்சு தொடைக்கலாம், பெயின்ட்ல படாம பாத்துக்கோங்க, பட்டா உடனே கழுவிடுங்க. அதுக்கும் போகலன்னா சீரியம் ஆக்சைடு இருக்கற கிளாஸ் பாலிஷ்தான் வழி. பாத்திரம் தேய்க்கற பச்சை ஸ்கிரப்பரை மட்டும் தயவு செஞ்சு எடுக்காதீங்க, அதுல விழற கீறல் போகவே போகாது, எதிர் லைட் பட்டா வலை மாதிரி மின்னும். கண்ணாடி ரெடியா இல்லையான்னு பாக்க நல்ல தண்ணி ஒரு மக் ஊத்துங்க, ஒரே படலமா விரிஞ்சு இறங்குனா சுத்தம், அங்கங்க உடைஞ்சு குமிழ் கட்டுனா இன்னும் ஏதோ எண்ணெயோ வேக்ஸோ ஒட்டிட்டு இருக்கு.

போடறப்ப நடக்கற தப்பு, வெயில்ல நின்ன வண்டில போடறது. கண்ணாடி சூடா இருந்தா மருந்து பரவறதுக்குள்ள காஞ்சிடும். பேஸ்மெண்ட் பார்க்கிங்ல, கண்ணாடி தொட்டா ஜில்லுன்னு இருக்கறப்ப, முழுசா காஞ்ச கண்ணாடில போடுங்க. நிறைய ஊத்துனா நிறைய வேலை செய்யும்னு இல்ல, துணில கொஞ்சமா எடுத்து சின்ன சின்ன வட்டமா, ஒண்ணு மேல ஒண்ணு படற மாதிரி தேய்ங்க. கொஞ்ச நேரத்துல வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி ஆகும், அப்ப சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால அந்த வெள்ளை முழுசா போற வரைக்கும் தொடைக்கணும். பகல்ல பாத்தா போயிட்ட மாதிரிதான் இருக்கும், ராத்திரி லைட் அடிச்சா ஓரத்துல மங்கலா நிக்கும், அதனால டார்ச் அடிச்சு ரெண்டு பக்கத்துல இருந்தும் பாருங்க. ரெண்டாவது கோட் போட்டா நல்லது. எவ்ளோ நேரம் காயணும்னு பாட்டில்லயே இருக்கும், அதை படிங்க, நிறைய பாட்டில்ல ஆல்கஹால் இருக்கு, பக்கத்துல சிகரெட் பத்த வைக்காதீங்க. இன்னொண்ணு, கிளம்பற அன்னிக்கு சாயங்காலம் போடாதீங்க, ரெண்டு மூணு நாள் முன்னாடியே போட்டுட்டு சிட்டி மழைல ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கோங்க.

போட்டப்புறம் வைப்பர் தட தடன்னு குதிச்சா எல்லாரும் மருந்தைத்தான் திட்டுவாங்க. பல சமயம் தப்பு பிளேடுல இருக்கும். பெங்களூர் வெயில்ல ரப்பர் இறுகிப் போய் ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்கும், அதை மாத்துங்க. புது பிளேடும் குதிச்சா, ஓரத்துல மருந்து ஒட்டியிருக்கும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியால ரப்பரை ஒரு இழுப்பு இழுங்க, கண்ணாடியையும் இன்னொரு தடவை நல்லா தொடைங்க.

கண்ணாடிக்கு உள்பக்கம் போடறவங்களும் இருக்காங்க. மழைல உள்ள ஆவி பிடிக்கறது வேற பிரச்சனை, அதுக்கு தண்ணி விரிஞ்சு பரவணும், குமிழ் கட்டக் கூடாது. ரிப்பல்லன்ட் போட்டா இன்னும் மோசமா மங்கும். ஏசியை போட்டு காத்தை முன் கண்ணாடிக்கு திருப்பி, ரீசர்குலேஷனை ஆஃப் பண்ணி வெளிக்காத்து விடுங்க, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும்.

சைடு மிரர்லயும் யோசிச்சு போடுங்க, அங்க காத்து நேரா படாது, குமிழ் நின்னுட்டே இருக்கும். கதவுல இருக்கற சைடு ஜன்னல் கண்ணாடிக்கு பரவால்ல. தேங்காய் எண்ணெய், டேஷ்போர்டு பாலிஷ் எல்லாம் தடவற ஐடியா வாட்சப்ல சுத்துது, வேணவே வேணாம், வைப்பர் ஒரு தடவை போச்சுன்னா எண்ணெய்ப் படலம் கண்ணாடி பூரா இழுவி ராத்திரி ஒண்ணுமே தெரியாது. ஆட்டோ வைப்பர், மிரர் பின்னாடி கேமரா இருக்கற புது கார்னா மேனுவல்ல கோட்டிங் போடலாமான்னு பாத்துட்டு போடுங்க, சென்சார் சரியா கணிக்காம போக வாய்ப்பு இருக்கு.

சிலிகான் வகை சில வாரத்துல இருந்து ரெண்டு மூணு மாசம் வரைக்கும் வரும், வைப்பர் எவ்ளோ ஓடுதுங்கறதைப் பொறுத்து. வைப்பர் போற வளைவுல மட்டும் தண்ணி பரவ ஆரம்பிச்சு ஓரத்துல குமிழ் கட்டுனா திரும்ப போடற நேரம் வந்துடுச்சு. பழசு மேலயே பூசாதீங்க, பாலிஷ் போட்டு எடுத்துட்டு புதுசா போடுங்க.

ஸ்கூட்டர், பைக் ஓட்டறவங்க கார் கண்ணாடிக்குன்னு வாங்குனதை ஹெல்மெட் வைசர்ல தடவாதீங்க. வைசர் பாலிகார்பனேட், சில மருந்துல இருக்கற கரைப்பான் அதுல மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். பிளாஸ்டிக்குக்குன்னு எழுதியிருக்கறதை தனியா வாங்குங்க. அதுவும் இல்லன்னா, ரோடு காலியா இருக்கறப்ப தலையை லேசா ஒரு பக்கம் திருப்புங்க, துளி காத்துல ஓரமா ஓடிடும்.