குமரி மாவட்டத்தைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு: எந்த நேரத்தில் எந்த இடம்

வெளியூரிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் விடியற்காலையில் கன்னியாகுமரியில் இறங்கி, சூரிய உதயத்தைப் பார்த்து, படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய்வந்து, சங்கு மாலையும் வண்ண மணலும் வாங்கிக்கொண்டு அன்றிரவே ரயிலேறிவிடுகிறார்கள். கன்னியாகுமரி முனையைப் பார்க்க அரை நாள் போதும் என்பதும், மாவட்டத்தின் சிறந்த இடங்கள் அதற்கு மேற்கிலும் வடக்கிலும் இருக்கின்றன என்பதும் என் கருத்து. ஆகவே குறைந்தது இரண்டு நாள் ஒதுக்கி, நாகர்கோவிலில் தங்குவது நல்லது. இங்கிருந்து எல்லாத் திசைக்கும் பேருந்து உண்டு. வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் வடசேரி நிலையத்திலிருந்தும், நகரப் பேருந்துகள் மீனாட்சிபுரத்திலுள்ள அண்ணா பேருந்து நிலையத்திலிருந்தும் புறப்படும். அறை எடுக்கும்போதே எந்த நிலையம் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாவட்டத்தில் பயணத் திட்டத்தைக் குலைப்பது தூரமன்று, கதவடைப்பு. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களிலும் மதியம் ஒரு மணி நேரம் மூடுவார்கள். கோயில்களில் நண்பகலோடு நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். கடல் சீறினால் படகு நின்றுவிடும். இந்த மூன்றையும் முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மற்ற இடங்களை இடைவெளிகளில் நிரப்புவதே சரியான முறை. திங்கட்கிழமை வந்து சேர்பவர்கள் அன்றைக்கு முனையை வைத்துக்கொண்டு, அரண்மனையைச் செவ்வாய்க்குத் தள்ளலாம்.

முனைக்குப் போகும் நாளில் காலை எட்டு மணிக்குத் தொடங்கும் படகுகளில் முதலாவதற்கே வரிசையில் நில்லுங்கள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை சென்று திரும்பும் ஐயப்ப பக்தர்களின் கூட்டத்தால் அந்த வரிசை கடைத்தெரு வரை நீளும். 1970-இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் மண்டபத்துக்கும், 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலைக்கும் இடையே, 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இருக்கிறது. நீர்மட்டம் தாழ்ந்து படகு சிலைக்குப் போகாத நாள்களிலும் இப்போது நடந்தே போய்விடலாம். பத்தரை மணிக்குள் கரைக்குத் திரும்பினால், நாகர்கோவில் சாலையிலுள்ள சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலை நடை சாத்துவதற்குள் பிடித்துவிடலாம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பதினெட்டடி அனுமனைப் பார்க்க எல்லோரும் விரைவார்கள். அதற்கு முன் ஒரே கல்லில் கொத்தாகக் குடைந்த இசைத்தூண்களின் அருகே சற்று நில்லுங்கள். தட்டிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

சூரிய அஸ்தமனத்தைப் பற்றி ஒரு செய்தியைப் பலர் தெரியாமலே வருகிறார்கள். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தென்மேற்கே சாய்வதால் முனையிலேயே கடலில் இறங்குவதைக் காணலாம். வைகாசி, ஆனி மாதங்களிலோ அது வடமேற்கே நகர்ந்து, முனையிலிருந்து பார்க்கையில் கரைக்குப் பின்னால் மறைந்துவிடும். அந்த மாதங்களில் முட்டத்துக்குப் போய்விடுங்கள். அங்கே கரை வடமேற்காகத் திரும்புவதால், கலங்கரை விளக்கத்தின் கீழுள்ள பாறைகளிலிருந்து அஸ்தமனம் தடையின்றித் தெரியும். பாறை நுனிக்குப் போக வேண்டாம். காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் எங்கோ தொலைவில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். அதைத்தான் இங்குள்ளவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். மீனவர்கள் போகாதே என்று சொன்னால் போகாதீர்கள்.

இரண்டாம் நாள் முழுவதும் மேற்குக்கு உரியது. ஒன்பது மணிக்கு அரண்மனை திறக்கும்போதே தக்கலையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் இது கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததன் மிச்சம். கூட்டம் பெருகுவதற்கு முன், மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் நின்று பாருங்கள்: அப்பிரகத் (மைக்கா) தகடு பதித்த சன்னல்கள் வெயிலை வடிகட்டி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகின்றன, கரிய தரையில் உங்கள் நிழல் தெரிகிறது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெழுகிய தரை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவதால் அந்தக் குளிர்ச்சி காலிலும் ஏறும். பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்து மேற்கூரையில் செதுக்கிய பூக்களை அண்ணாந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள். இதற்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட இந்த டச்சுக் கம்பெனி அதிகாரி, பின்னர் அவருடைய படைக்கே தளபதியானவர். கல்லறையில் தமிழும் லத்தீனும் பொறிக்கப்பட்டுள்ளன. அரை மணி நேரம் போதும்.

பிற்பகலில் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் திற்பரப்பு அருவியையும் சேர்த்துப் பார்க்கலாம். பறளியாற்றுப் பள்ளத்தின் மேலே நூறடிக்கும் அதிகமான உயரத்தில் பாசனத் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கொண்டுபோகும் இந்தப் பாலம், காமராசர் ஆட்சியில் திட்டமிடப்பட்டது. கால்வாயை ஒட்டிய நடைபாதையில் கடைசி வரை நடந்தால்தான் அதன் அருமை விளங்கும். தலை சுற்றுபவர்கள் கீழே இறங்கித் தூண்களைப் பார்ப்பதே மேல். திற்பரப்பில் குளிக்க மாற்றுடை வேண்டும். கோதையாற்றில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், எனவே மழை நாள்களில் விசாரித்துவிட்டுப் போங்கள். திரும்பும் வழியில் மாலை நடை திறந்தபின் திருவட்டார் ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்கலாம். இருபத்திரண்டு அடி நீளத் திருமேனியை மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுமையாகக் காண முடியும். மார்த்தாண்டம் பக்கத்துச் சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உண்டு. ஏற்றம் வெயிலில் கடினம் என்பதால் அதை மூன்றாம் நாள் காலைக்கு வையுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, வடஇந்திய உணவு கிடைக்கும் இடங்களை முனையில் விட்டுவிட்டு, மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் குழம்பும் பரிமாறும் சிறு கடைகளைத் தேடுங்கள். நாகர்கோவிலில் மாலை நேரத்தில் சூடான ரசவடை கிடைக்கும். சைவர்கள் உள்ளித் தீயலும் (வறுத்தரைத்த தேங்காயில் சின்ன வெங்காயக் குழம்பு) புளிசேரியும் (மோர்க் குழம்பு போன்றது) உள்ள மதியச் சாப்பாட்டைக் கேட்டு வாங்கலாம்.

ஊருக்குக் கொண்டுபோக மட்டிப்பழம் வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சிறு வாழைப்பழத்தைக் கைக்குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். தோல் மெல்லியது, எளிதில் நசுங்கும். ஆகவே முழுக்கப் பழுக்காத சீப்பாகப் பார்த்து, ரயிலேறும் நாளன்று மட்டும் வாங்கி, பையின் மேல்பக்கம் வையுங்கள். நேந்திரங்காய் வற்றலைக் கண்ணெதிரே தேங்காய் எண்ணெயில் வறுத்தெடுக்கும் கடையில் வாங்கி, சூடு ஆறிய பிறகே பொட்டலத்தின் வாயைக் கட்டச் சொல்லுங்கள். சூட்டோடு கட்டினால் ஊர் போய்ச் சேர்வதற்குள் நமுத்துவிடும்.