‘வந்திருக்கணும்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். ‘நீங்கள் மீட்டிங்குக்கு வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்பது மனதில் இருந்தது. கை எழுதியது ‘யூ மஸ்ட் நாட் கம்’. வரவே கூடாது என்று மேலாளருக்கே உத்தரவு! நல்லவேளை, சிரித்துக்கொண்டே வந்து கேட்டார். ‘மஸ்ட்’ மாதிரி வினைக்கு முன்னால் வந்து முடியும், வேண்டும், கூடாது என்றெல்லாம் பொருள் தரும் துணைவினைதான் மோடல் வெர்ப். இந்த விஷயத்தில் நாம் எங்கே சறுக்குகிறோம் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி. கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று முக்கியமானவை 9. இவற்றுக்குப் பின்னால் வினைச்சொல் மொட்டையாகத்தான் வரும். ‘ஹி கேன் ஸ்பீக் கன்னடா’ சரி. ‘கேன் ஸ்பீக்ஸ்’, ‘கேன் டு ஸ்பீக்’ இரண்டும் தப்பு. ‘ஐ கேன் ஏபிள் டு கம்’ என்பதோ ‘நடு சென்டர்’ கேஸ். கேன் என்றாலே முடியும்தான், ஏபிள் டு எதற்கு?

இரண்டாம் படி, என்னை மாட்டிவிட்ட ‘வேண்டாம்’. அந்த இடத்தில் ‘தேவையில்லை’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘டோன்ட் ஹேவ் டு’. ‘கூடாது’தான் பொருந்துகிறது என்றால் ‘மஸ்ட் நாட்’. மெட்ரோ கார்டு வைத்திருப்பவர் டிக்கெட் க்யூவில் நிற்கத் தேவையில்லை: ‘யூ டோன்ட் ஹேவ் டு ஸ்டாண்ட் இன் தி க்யூ’. தண்டவாளத்தில் இறங்கக் கூடாது: ‘யூ மஸ்ட் நாட் ஸ்டெப் ஆன் தி ட்ராக்’.

மூன்றாம் படியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் தம்பி அல்சூரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வாசலில் அவன் செருப்பு கிடக்கிறது. ‘வந்திருக்கணும்’ என்கிறீர்கள். இன்னொரு நாள் மணி எட்டு, ஆளைக் காணோம். ‘ஆறு மணிக்கே வந்திருக்கணும்’ என்கிறீர்கள். நமக்குச் சொல் ஒன்றுதான். ஆனால் முதல் நாள் தம்பி வந்துவிட்டான், இரண்டாம் நாள் வரவில்லை! ஆங்கிலம் இதைப் பிரித்துவிடுகிறது. செருப்பைப் பார்த்து ஊகித்தால் ‘ஹி மஸ்ட் ஹேவ் கம்’. வர வேண்டியவன் வரவில்லை என்றால் ‘ஹி ஷுட் ஹேவ் கம் பை சிக்ஸ்’. செருப்பும் இல்லை, விளக்கும் எரியவில்லை, வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று ஊகித்தால் ‘மஸ்ட் நாட் ஹேவ்’ என்று போகாதீர்கள், ‘ஹி கான்ட் ஹேவ் கம்’ என்பதுதான் வழக்கம்.

‘ஒரு போன் பண்ணியிருக்கலாமே’ என்று கோபித்துக்கொள்ள ‘யூ குட் ஹேவ் கால்ட்’. இந்த வடிவங்களில் அவன், அவள், அவர்கள் யாராக இருந்தாலும் ‘ஹேவ்’தான், ‘ஹேஸ்’ வராது. அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். ‘ஷுட் ஹேவ்’ என்பதை ‘ஷுட் ஆஃப்’ (should of) என்று எழுதுவது காதில் விழுந்ததை அப்படியே எழுதுவதால் வரும் வினை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே செய்யும் தப்பு, அதனால் ரொம்ப வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக ‘வுட்’. மரியாதை என்று நினைத்து ‘ஐ வுட் கம் டுமாரோ’ என்கிறோம். கேட்பவர் ‘வருவேன், ஆனால்...’ என்று எதையோ எதிர்பார்த்து நிற்பார். நிச்சயம் வருவதாக இருந்தால் ‘ஐ வில்’ போதும்.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள்: ‘இன்னும் காணோம், மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் மாட்டியிருக்கணும்.’ மஸ்ட் ஹேவா, ஷுட் ஹேவா? ஷுட் ஹேவ் போட்டவர்களுக்குத் தம்பி மேல் ஏதோ பழைய பகை.