பெயரைப் பார்த்து இடம் ஒதுக்காதீர்கள்: ஜெனரல் செமான்டிக்ஸ் பற்றிய தவறுகள்

செமான்டிக்ஸ் என்றால் சொற்பொருளியல். அதற்கு முன்னால் 'ஜெனரல்' என்று இருந்தால், சொற்பொருளியலுக்கு ஒரு பொது அறிமுகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. மொழியியல் பாடநூல்களில் அதைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

சொற்பொருளியலுக்கு அந்தப் பெயரை 1883இல் கொடுத்தவர் பிரெஞ்சு மொழியியலாளர் மிஷெல் பிரேயால். சொல்லுக்குப் பொருள் எப்படி வருகிறது, காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பது அவருடைய கேள்வி. ஜெனரல் செமான்டிக்ஸைத் தொடங்கிய ஆல்ஃப்ரெட் கோர்சிப்ஸ்கியின் கேள்வி வேறு. 1879இல் வார்சாவில் பிறந்த அவர் ஒரு பொறியாளர். முதல் உலகப் போரில் ரஷ்யப் படையில் இருந்தவர். பொறியாளர் கட்டுகிற பாலம் நிற்கிறது, மனிதர்களின் சமூக ஏற்பாடுகள் மட்டும் ஏன் மறுபடி மறுபடி சரிகின்றன என்று கேட்டார். ஒரு தலைமுறை சேர்த்த அறிவை அடுத்த தலைமுறை எடுத்து வளர்க்கும் திறனே மனிதனின் தனித்தன்மை என்று 1921இல் வெளியான நூலில் எழுதினார். அதைக் 'காலப்பிணைப்பு' என்றார். 1933இல் வந்த 'சயின்ஸ் அண்ட் சானிட்டி'யில் அவர் ஆராய்வது, ஒரு சொல்லோ நிகழ்வோ எதிர்ப்படும்போது நரம்பும் உணர்ச்சியும் சேர்ந்த முழு மனிதன் எப்படி எதிர்வினை செய்கிறான் என்பதை. அகராதிப் பொருள் அதில் ஒரு மூலைதான்.

அடுத்த தவறு, அவருடைய புகழ்பெற்ற வாக்கியத்தைப் பாதியோடு நிறுத்திக்கொள்வது. 'வரைபடம் நிலம் அல்ல' என்பதைக் கேட்டதும் நமக்கு 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டிவிடுகிறோம். பழமொழி ஏட்டை ஒதுக்குகிறது. கோர்சிப்ஸ்கி வரைபடத்தை ஒதுக்கவில்லை. நிலத்தின் அமைப்பும் வரைபடத்தின் அமைப்பும் ஒத்திருந்தால் வரைபடம் பயன்படும்; அந்த ஒப்புமைதான் அதன் மதிப்பு என்றார். எந்த வரைபடமும் நிலத்தின் எல்லாவற்றையும் காட்டாது, வரைபடத்தைப் பற்றியே இன்னொரு வரைபடம் வரையலாம் என்று மேலும் இரண்டைச் சேர்த்தார். இவற்றை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் பிடித்துக்கொள்வதால்தான் 'எல்லாம் அவரவர் பார்வை' என்பதற்கு அவரைச் சாட்சியாக இழுக்கிறார்கள். அவர் சொன்னது நேர் எதிர்: சில வரைபடங்கள் தவறானவை, அவற்றை நம்பி நடந்தால் வழி தவறும்.

பொதுமைப்படுத்துவதே குற்றம் என்று எண்ணுவதும் இதே வகைத் தவறு. பொதுமைப்படுத்தாமல் அறிவியலே இல்லை. அப்படிச் செய்யும்போது எதை விட்டுவிடுகிறோம் என்ற விழிப்பு வேண்டும் என்பதே அவர் கேட்டது.

தமிழில் படிக்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் 'இஸ்' என்ற வினை ஒரு பொருளை இன்னொன்றாகவே அடையாளப்படுத்திவிடுகிறது என்று கோர்சிப்ஸ்கி எச்சரித்தார். அவர் 1950இல் இறந்தார். அந்த வினையை அடியோடு விலக்கி எழுதும் முறையை 1965இல் முன்வைத்தவர் டேவிட் போர்லாண்ட். இரண்டையும் ஒன்றாக்கி, அந்தச் சொல்லை நீக்கினால் சிந்தனை தெளிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழைப் பாருங்கள். 'அவன் சோம்பேறி.' இதில் நீக்குவதற்கு ஒரு வினையும் இல்லை. ஆனாலும் ஒரு மனிதன் முழுதாக ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டுவிட்டான். ஆக, சிக்கல் அந்த வினையோடு முடிவதில்லை. 'நேற்று முடித்துத் தருவதாகச் சொன்ன வேலையை அவன் முடிக்கவில்லை' என்று நடந்ததைச் சொல்லப் பழகுவதுதான் பயிற்சி. எனக்கு இந்தத் துறை பிடிபட்டதே இந்த இடத்தில்தான்.

கோர்சிப்ஸ்கி தந்த கருவிகள் எளிமையானவை: ஒரே பெயர் கொண்டவை ஒன்றல்ல என்று நினைவூட்டப் பெயருக்கு எண் இடு, காலத்தோடு மாறுவதை நினைவூட்டத் தேதி இடு. 'எனக்குக் கணக்கு வராது' என்று நாற்பது வயதில் ஒருவர் சொல்கிறார். எந்தக் கணக்கு? எந்த ஆண்டின் 'எனக்கு'? பதினான்கு வயதில் இயற்கணிதத் தேர்வு ஒன்றில் தோற்றதை அவர் இன்னும் சுமந்துகொண்டிருக்கலாம்.

இனி, பல்கலைக்கழகத்தில் இதன் இடம். தனித் துறையைத் தேடி, கிடைக்காததால் போலி என்று தள்ளுவது ஒரு பிழை. எல்லா அறிவியலுக்கும் இதுவே தாய் என்று தூக்கிவைப்பது அதைவிடப் பெரிய பிழை. கோர்சிப்ஸ்கி 1938இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே இயங்கியது. கருத்துகள் வேறு வேறு வாசல்கள் வழியாக உள்ளே போயின. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இர்விங் லீ பேச்சுக்கலை வகுப்புகளில் கற்பித்தார். இந்தத் துறைக்கென 'இடிசி' ஆய்விதழை 1943இல் தொடங்கிய எஸ். ஐ. ஹயகாவா ஆங்கிலப் பேராசிரியர். பின்னாளில் அதே இதழின் ஆசிரியராக இருந்த நீல் போஸ்ட்மன் ஊடக ஆய்வாளர். ஹயகாவாவின் எளிய நூல்கள் பரவலாக வாசிக்கப்பட்டன. அவற்றில் மொழியே முன்னால் நிற்கும். அவற்றை மட்டும் படித்துவிட்டு கோர்சிப்ஸ்கியைப் படித்ததாக எண்ண வேண்டாம்.

ஜெனரல் செமான்டிக்ஸின் துணையோடு அமெரிக்காவின் ஐயோவாவில் பேச்சுக் கோளாறுகளை ஆராய்ந்த வெண்டல் ஜான்சனின் கதை இதன் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டும். தாமே திக்குவாய் உள்ளவர். குழந்தையின் இயல்பான தடுமாற்றத்துக்குப் பெற்றோர் 'திக்குவாய்' என்று பெயர் சூட்டுவதில்தான் கோளாறு தொடங்குகிறது என்றார். பெயர் சூட்டுவது காயப்படுத்தும் என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் திக்குவாய்க்கு அதுவே காரணம் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் ஏற்கவில்லை. மரபணுவுக்கும் மூளைக்கும் அதில் பங்குண்டு என்று தெரியவந்தது.

ஆகவே விமரிசனங்களை ஒதுக்காதீர்கள். மெய்யியலாளர் மாக்ஸ் பிளாக் 1949இலேயே இதன் தர்க்க அடித்தளத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். அறிவியல் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1952இல் இதைப் போலி அறிவியல்களோடு சேர்த்தே எழுதினார். கார்ட்னர் கடுமையாகப் போனார் என்பது என் எண்ணம். பிளாக்கின் கேள்விகளுக்கு முழு விடை இன்னும் வரவில்லை என்றும் நினைக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர் ஹயகாவாவில் நுழைந்து, பிளாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிறகு கோர்சிப்ஸ்கியின் பெரிய நூலுக்குப் போகலாம்.