இலஸ்ட்ரேட்டரிலிருந்து போட்டோஷொப்புக்கு: லேயர் கலையாமல் கொண்டுபோவது எப்படி?

உப்புவெளியில் விடுதி நடத்தும் தெரிந்தவர் ஒருவருக்கு, இலஸ்ட்ரேட்டர் என்ற வரைதல் மென்பொருளில் திருகோணமலை வரைபடம் செய்துகொடுத்தேன். கீழே சுவாமி மலையில் கோணேச்சரம், மேலே நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் 1 கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் புறாத்தீவு, நடுவில் கரையும் வீதிகளும். இடப்பெயர்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று தனி லேயரில் (ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு). ஒன்றைக் காட்டி மற்ற இரண்டையும் மறைத்தால் ஒரே ஃபைலில் மூன்று வரைபடம். அச்சகத்தில் போட்டோஷொப்தான் என்பதால் அதன் ஃபைல் வகையான பி.எஸ்.டி. ஆக்கி அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் ஃபோன் வந்தது.

"தம்பி, எல்லாம் ஒரே படமாக் கிடக்கு. சிங்கள எழுத்தை மட்டும் எப்படி எடுக்கிறது?"

பிழை என்னுடையதுதான். வரைபடத்தைச் சி.எம்.வை.கே. (அச்சு மைக்கான) நிறத்தில் வரைந்துவிட்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது ஆர்.ஜி.பி. (திரைக்கான நிறம்) என்று மாற்றியிருந்தேன். அந்த ஒரு மாற்றம் போதும்: இலஸ்ட்ரேட்டர் லேயர்களை எழுதாது, முழுவதையும் தட்டையாக்கித்தான் தரும். பிறகு செய்து சரிவந்த முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: லேயர் பெனலை ஒழுங்குபடுத்துங்கள்

எக்ஸ்போர்ட் செய்யப் போவதற்கு முன்னரே பாதி வேலை இங்கே முடிந்துவிட வேண்டும். "லேயர் 1", "லேயர் 2" என்று விடாமல் கடல், கரை, வீதி, தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று பெயர் வையுங்கள். மேல்மட்ட லேயர் ஒவ்வொன்றும் போட்டோஷொப்பில் ஒரு குரூப் ஆகும். அதற்குள் நேரடியாக இருக்கும் சப்லேயர்கள் தனித்தனி லேயராக வரும். அதற்குள்ளே குரூப், அதற்குள்ளும் குரூப் என்று ஆழமாகப் போகாதீர்கள். 5 மட்டத்துக்குக் கீழே இருப்பவை எதைத் தெரிவு செய்தாலும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே லேயரில் வரைந்துவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். அந்த லேயரைத் தெரிவு செய்து, பெனலின் மூலையில் உள்ள மெனுவில் "ரிலீஸ் டு லேயர்ஸ் (சீக்வென்ஸ்)" என்பதை அழுத்துங்கள். உள்ளே உள்ள ஒவ்வொன்றும் ஒரு சப்லேயர் ஆகும். அப்புறம் வேண்டியபடி இழுத்து அடுக்கலாம்.

இரண்டாம் படி: எழுத்து

நமக்கு அதிகம் தலையிடி தருவது இதுதான். ஒரு கிளிக்கில் தொடங்கித் தட்டச்சு செய்த எழுத்து, அதாவது பொயின்ட் டைப், போட்டோஷொப்பிலும் திருத்தக்கூடிய எழுத்தாகப் போகும். பெட்டி வரைந்து அதற்குள் தட்டச்சு செய்ததற்கு அந்த உத்தரவாதம் இல்லை. இடப்பெயர்களுக்குப் பொயின்ட் டைப்பே போதும்.

எழுத்துரு யூனிகோடா, பாமினியா என்று பாருங்கள். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு; இங்கே இன்னும் பலர் அதில்தான் தட்டுகிறார்கள். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் "நிலாவெளி" ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறிக் கிடக்கும். யூனிகோட் என்றால் வேறு சிக்கல்: கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். இலஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் "ஷோ இண்டிக் ஒப்ஷன்ஸ்" என்பதை டிக் செய்து, பரகிராஃப் பெனல் மெனுவில், எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் மிடில் ஈஸ்டர்ன், சவுத் ஏசியன் கம்போசரைத் தெரிவு செய்யுங்கள். போட்டோஷொப்பின் பழைய பதிப்பு என்றால் அங்கேயும் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் "வேர்ல்ட் ரெடி லேஅவுட்" இருக்க வேண்டும். சிங்களத்துக்கும் இதே ஏற்பாடுதான்.

மூன்றாம் படி: எக்ஸ்போர்ட்

ஃபைல் மெனுவில் "டொகியூமென்ட் கலர் மோட்" எதில் இருக்கிறது என்று பார்த்து மனதில் வையுங்கள். பிறகு ஃபைல், எக்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட் ஆஸ். வகை போட்டோஷொப் பி.எஸ்.டி. வரும் பெட்டியில்:

கலர் மொடல்: டொகியூமென்ட்டில் இருந்த அதே நிறம். நான் சறுக்கிய இடம் இது. நிறம் மாற்றத்தான் வேண்டுமென்றால் போட்டோஷொப்பில் திறந்த பிறகு மாற்றுங்கள்.

ரெசொலூஷன்: அச்சுக்கு 300.

"ரைட் லேயர்ஸ்" தெரிவு செய்து, அதன் கீழ் "பிரிசர்வ் டெக்ஸ்ட் எடிட்டபிலிட்டி", "மெக்சிமம் எடிட்டபிலிட்டி" இரண்டையும் டிக் செய்யுங்கள்.

மெக்சிமம் என்று பெயர் இருந்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பிரித்தால் தோற்றம் மாறிவிடும் என்று இலஸ்ட்ரேட்டர் நினைக்கும் இடத்தில் லேயர்களைச் சேர்த்தே எழுதும். ஆகவே நிழல், பிளெண்டிங் (நிறங்களை ஒன்றோடொன்று கலப்பது) போன்றவற்றைப் போட்டோஷொப்பிலேயே செய்யுங்கள்.

இன்னொன்று: லேயர் பிரிந்து வந்தாலும் உள்ளே உள்ள வடிவங்கள் பிக்சலாகிவிடும், அதாவது பெரிதாக்கினால் உடையும் புள்ளிகளாகிவிடும். ஏதாவது வெக்டராகவே (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோடாகவே) போக வேண்டுமென்றால், அதைத் தெரிவு செய்து பாத்ஃபைண்டர் பெனல் மெனுவில் "மேக் கொம்பவுண்ட் ஷேப்" கொடுங்கள். லேயருக்குள் நேரடியாக இருந்தால் அது ஷேப் லேயராகப் போகும். புறாத்தீவின் வடிவத்தை அப்படித்தான் அனுப்பினேன். தீவுக்குப் போகும் படகுப் பாதைக்கு இந்த வித்தை பலிக்கவில்லை. அது துண்டு துண்டான கோடு, கொம்பவுண்ட் ஷேப்பில் அப்படிக் கோடு இருந்தால் அது பிக்சலாகத்தான் போகும். பரவாயில்லை, படகுப் பாதையை யாரும் பெரிதாக்கப் போவதில்லை.

ஓரிரண்டு வடிவம் மட்டும் தேவையென்றால் இவ்வளவும் வேண்டாம். கொப்பி செய்து போட்டோஷொப்பில் பேஸ்ட் செய்யுங்கள். எப்படி ஒட்டுவது என்று கேட்கும்போது "ஷேப் லேயர்" என்றால் வெக்டராகவே நிற்கும். "ஸ்மார்ட் ஒப்ஜெக்ட்" என்றால் எல்லாம் ஒரே லேயராக வரும், ஆனால் இரட்டைக் கிளிக் செய்தால் இலஸ்ட்ரேட்டரில் திறக்கும்.

இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைதல் மென்பொருளில் திறப்பவருக்குக் கொடுப்பதானால் பி.எஸ்.டி.யை விட்டுவிட்டு எஸ்.வி.ஜி. என்ற வெக்டர் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, ஒப்ஜெக்ட் ஐ.டி. இடத்தில் "லேயர் நேம்ஸ்" தெரிவு செய்யுங்கள். லேயர்கள் அங்கே குரூப்பாகத் தெரியும், பெயர் கூடவே போகும்.

நான்காம் படி: அனுப்புமுன் நீங்களே திறந்து பாருங்கள்

பி.எஸ்.டி.யைப் போட்டோஷொப்பில் திறந்து, கண் அடையாளங்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். சிங்களத்தை அணைத்தால் சிங்களம் மட்டும்தான் மறைய வேண்டும். வீதியும் சேர்ந்து மறைந்தால் முதல் படிக்குத் திரும்புங்கள். எழுத்து லேயரில் இரட்டைக் கிளிக் செய்து ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள். இலஸ்ட்ரேட்டரின் மூல ஃபைலான ஏ.ஐ. ஃபைலை அழித்துவிடாதீர்கள், பிக்சலான கரைக்கோடு மறுபடி வெக்டர் ஆகாது. இரண்டாம் முறை அனுப்பியபோது அச்சகத்திலிருந்து ஃபோன் வரவில்லை. பின்னேரம் மூன்று மொழியிலும் மூன்று பிரின்ட்தான் வந்தது.